மரமில்லாத நிலத்துக்கு என்ன நிறம்

பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் விரித்து, எது வயல், எது காடு, எது ஓடை என்று எல்லை வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறியீடு கொடுப்பது எங்கள் தொழில். டீமில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். தர்மபுரி, ஓசூர், திருப்பத்தூர்க்காரர்கள் அதிகம்; ஊட்டியிலிருந்து ஒரு பெண் இருக்கிறாள். சில வருடங்களாக எங்களுக்கு வரும் வேலையில் பெரும் பங்கு இங்கிலாந்தின் மூர் நிலங்கள்தான்.

மூர் என்பது மேட்டுப் பகுதியில் இருக்கும் திறந்த வெளி. மழையும் காற்றும் ஓயாது. மண்ணில் புளிப்பு அதிகம், சத்து குறைவு. மரம் அரிதாகத்தான் தென்படும்; முழங்கால் உயரப் புதரும் புல்லும் பாசியும் மைல் கணக்கில் மூடிக்கிடக்கும். தென்மேற்கில் டார்ட்மூர், எக்ஸ்மூர், நடுவே பீக் டிஸ்ட்ரிக்ட், வடக்கே நார்த் யார்க் மூர்ஸ் என்று எல்லாமே இன்று தேசியப் பூங்காக்கள். 1951-லிருந்து 1954-க்குள் இந்த நான்கையும் அறிவித்துவிட்டார்கள்.

முதல் தொகுப்புப் படங்கள் வந்தபோது திரை முழுக்கப் பழுப்பு. "இதுல வரையறதுக்கு என்ன சார் இருக்கு? வெறும் பொட்டல்காடு" என்றான் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். எங்கள் டீம் லீட் தர்மபுரிக்காரர், அதிகம் பேச மாட்டார். "முதல்ல ஸ்பெக்கைப் படிப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஸ்பெக் என்பது என்னென்ன வகையாகப் பிரிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் அனுப்பும் விதிப்பட்டியல். அதற்கு முன் நாங்கள் செய்த வேலைகளில் மரமில்லாத நிலத்துக்கு இரண்டு அல்லது மூன்று குறியீடுதான் இருக்கும். இதிலோ அந்தப் பழுப்புக்குள்ளேயே அத்தனை பிரிவுகள். ஹெதர் புதர் தனி, அதிலும் இளசு தனி, முற்றியது தனி. பருத்திப்புல் தனி. பில்பெரி என்னும் சிறுபழப் புதர் தனி. பாசி நிறைந்த சதுப்பு, எரித்த திட்டு, செடியே இல்லாமல் வெளியே தெரியும் பீட் மண், வெட்டிய வாய்க்கால், அரித்த ஓடை எல்லாம் தனித்தனி. படித்து முடித்ததும் திரையைப் பார்த்தால் அதே படம் வேறு மாதிரி தெரிந்தது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஹெதரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூரின் நிறமே அதுதான். கட்டைத்தன்மையுள்ள குட்டைச் செடி. ஆகஸ்டில் பூக்கும்போது மலை முழுக்க ஊதா. மற்ற மாதங்களில் கரும்பழுப்பு. படத்தில் அதன் நடுவே வெட்டுத்துண்டுகளாக வெளிர் பட்டைகள் தெரியும். அவை தீ வைத்த இடங்கள். சிவப்பு கிரவுஸ் என்று ஒரு பறவை, நம் கௌதாரிக்குக் கொஞ்சம் நெருங்கிய உருவம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும்தான் உண்டு. அதன் முக்கிய உணவு ஹெதரின் இளந்தளிர், அது ஒளிவதற்கு வேண்டியதோ முற்றிய புதர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சிறுசிறு திட்டுகளாக, முறை வைத்து எரிப்பார்கள். இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் இதற்கு அனுமதிக் காலம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி கிரவுஸ் வேட்டை தொடங்கிவிடும். ஒரு வேட்டைக்காக ஒரு மலையையே இப்படிப் பராமரிப்பதா என்று கேட்டால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் எந்தத் திட்டு எந்த வயது என்று நிறத்தை வைத்தே பிரிக்கப் பழகியபோது, நிலத்தின் வரலாற்றைப் படிப்பதாகவே இருந்தது.

அதற்கடியில் இருப்பது பீட். இதுதான் என்னை மிகவும் கட்டிப்போட்ட விஷயம். ஈரமும் புளிப்பும் மிகுந்து, காற்றுப் புகாத இடத்தில் செத்த செடி முழுசாக மக்காது. ஸ்பேக்னம் என்ற பாசி வளர்ந்து, அடிப்பகுதி செத்து, அதன் மேலேயே மறுபடி வளரும். தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். இப்படிச் சேரும் கறுப்பு மண் வருடத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் உயரும். ஒரு மீட்டர் பீட் என்றால் ஆயிரம் வருடம். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் பீட் நிலம்; அது பூட்டி வைத்திருக்கும் கரி, அதாவது கார்பன், உலகின் மொத்தக் காட்டு மரங்களிலும் உள்ளதைவிட அதிகம்.

அந்த நிலத்தில்தான் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அரசே மானியம் கொடுத்தது. நிலம் காய்ந்தால் ஆட்டுக்கும் கிரவுஸுக்கும் நல்லது என்று நினைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப் பதித்துவைத்தது போல நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் சாய்ந்த கோடுகள். காய்ந்த பீட் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும், மழையில் அரித்துப்போகும், வாய்க்கால் ஓடையாகும், ஓடை ஆளை மறைக்கும் பள்ளமாகும். கீழே இருக்கும் நீர்த்தேக்கத்துக்குத் தேநீர் நிறத் தண்ணீர் வரும். அதைத் தெளியவைக்கக் குடிநீர் நிறுவனங்கள் செலவழிக்க வேண்டியிருக்கிறது. பீக் டிஸ்ட்ரிக்டில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்டு. ஆலைப் புகையும் அமில மழையும் பாசியைக் கொன்று, மலையுச்சியில் கறுப்பு மண் வெறுமனே கிடந்தது. 2003-லிருந்து மூர்ஸ் ஃபார் த ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு அங்கே பள்ளங்களை அடைத்து, வெட்டிய ஹெதரைப் பரப்பி, பாசியைத் திரும்ப நட்டுவருகிறது.

நாங்கள் வரையும் வாய்க்கால் கோடு இந்த மாதிரி வேலைக்குத்தான் போகிறது. எங்கே சரிவு, எங்கே அடைப்பு வைத்தால் தண்ணீர் தேங்கும் என்று அந்தக் கோட்டின் மேல்தான் கணக்குப் போடுவார்கள். ஹெதர் மூடிய வாய்க்கால் படத்தில் தெரியாது. அப்போது லைடார் தரவைத் திறந்து, லேசர் அளந்த தரைமட்டத்தில் அந்தச் சின்னத் தாழ்வைத் தேட வேண்டும். கண் வலிக்கும். க்யூசியில், அதாவது தரச் சோதனையில், ஒரு கோடு விட்டுப்போனது தெரிந்தால் லீட் அந்தச் சதுரம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். "ஒரு வாய்க்காலை விட்டா அந்தப் பக்கம் முழுக்க வடிஞ்சிக்கிட்டே இருக்கும்பா" என்பார். சரியான பேச்சு.

மூரின் பறவைகளைப் படத்தில் பார்க்க முடியாது. கள ஆய்வுக் குறிப்புகளில்தான் பெயர் வரும். கோட்டான் அதில் முக்கியமானது; ஆந்தையைச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் கர்லூ என்னும் பறவை. நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகுள்ளது. உலகில் இனப்பெருக்கம் செய்யும் கோட்டான்களில் ஏறத்தாழ கால் பங்கு பிரிட்டனில் இருப்பதாகக் கணக்கு. 2015-இல் அங்கே அதைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், அவ்வளவு வேகமாகக் குறைந்துவிட்டது. இதே இனம் வேறு குளிர்நாடுகளிலிருந்து குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறது. அப்புறம் ஆட்காட்டி. நம் ஊர் ஆட்காட்டியின் பங்காளி, தலையில் கொண்டையோடு, மூரின் ஓரப் புல்வெளிகளில் முட்டையிடும். பூனைப்பருந்தில் ஒரு வகை ஹெதருக்குள் தரையில் கூடு கட்டும். கிரவுஸ் குஞ்சுகளைத் தின்கிறது என்று சட்டத்தை மீறி இன்னமும் அதைக் கொல்கிறார்கள். கோட்டான், ஆட்காட்டி, பூனைப்பருந்து, கிரவுஸ், வானம்பாடி எல்லாமே தரையில் முட்டையிடுபவை. மரம் இல்லாததால்தான் அவை அங்கே இருக்கின்றன. மரம் வந்தால் காகமும் நரியும் மறைந்து வர வழி கிடைக்கும்.

ஊட்டிப் பெண் இந்த வேலைக்குள் வந்த பிறகு எங்கள் பேச்சு நீலகிரிக்குப் போய்விட்டது. கள ஆய்வுப் படமொன்றில் மஞ்சள் பூவோடு முட்புதர் இருந்தது. "அண்ணா, இந்த முள்ளு எங்க ஊர்ல நிறைய இருக்கு. பூவை மோந்து பார்த்தா தேங்காய் வாசம் வரும்" என்றாள். கார்ஸ் என்ற அந்தச் செடி பிரிட்டன் மேடுகளில் இயல்பாக வளர்வது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, இன்று நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் களையாகப் பரவிக்கிடக்கிறது. அது போதாதென்று சீகைமரம், தைலமரம், பைன். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளியில் பெரும்பகுதி இப்படித்தான் மரத்தோப்பானது. "மரம் நட்டா நல்லதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, எங்க பாட்டி மட்டும் ஊத்து வத்திப்போச்சுன்னு திட்டும்" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்.

நீலகிரியிலும் பீட் உண்டு. அது தெரிந்தபோது அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் நீலகிரிப் பீட்டில் உள்ள கரியின் வகைகளை அளந்து 1993-இல் கட்டுரை வெளியிட்டார்கள். புல்லும் மரமும் கரியை வேறுவேறு விகிதத்தில் விட்டுச்செல்லும்; அதை வைத்துப் பார்த்தால் சுமார் இருபதாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே புல்வெளி பரந்திருந்தது. இங்கே இரண்டு நிலத்தையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. இங்கிலாந்தின் மூர்களில் பல, ஆதி மனிதர்கள் காட்டைத் திருத்தியதாலும் பிறகு ஆடு மேய்ந்ததாலும் உருவானவை. விட்டுவிட்டால் சில இடங்களில் மரம் திரும்ப முளைக்கும். நீலகிரிப் புல்வெளியோ தானாகவே இருந்தது. மனிதர் உருவாக்கிய திறந்த வெளிக்கு அங்கே அவ்வளவு பாதுகாப்பு. இயற்கையாகவே திறந்து கிடந்த நமது வெளியில் நாம் மரத்தை நட்டோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

காரணம் வரைபடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். வரி தராத நிலத்தைத் தரிசு என்று எழுதும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்து வருவாய்க் கணக்கிலிருந்தே உண்டு. இன்றைக்கும் மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்கள் தரிசு வகைக்குள்தான் வருகின்றன. 2019-இல் வந்த பதிப்பின்படி நாட்டின் பரப்பில் சுமார் 17 சதவீதம் தரிசு. ஏறத்தாழ 5.57 கோடி ஹெக்டேர். அதற்குள் பாறையும் உப்பு மண்ணும் உண்டு. மானும் பறவையும் வாழும் இடங்களும் உண்டு. தரிசு என்று ஒரு நிறம் பூசிவிட்டால் அப்புறம் அதில் சோலார் பேனல் வரலாம், தைலமரம் வரலாம், லேஅவுட் வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வாரம் முழுக்க இங்கிலாந்தின் பழுப்பை அத்தனை பிரிவாகப் பிரித்துவிட்டு, நம் ஊர் வேலை ஒன்று வந்தால் ஒரே குறியீட்டில் பூசி முடிப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. லீட் அந்த வேலையில் கருத்து எழுதும் பத்தியில் 'இயற்கைப் புல்வெளியாக இருக்கலாம், களத்தில் பார்க்கவும்' என்று சேர்க்கச் சொன்னார். யாராவது படித்தார்களோ என்னவோ, நாங்கள் விடாமல் எழுதுகிறோம்.

பெங்களூரிலேயே இப்படி ஒரு இடம் இருக்கிறது. நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டா. அர்க்காவதி ஆற்றை மறித்து 1894-இல் நகரின் குடிநீருக்காகக் கட்டிய ஏரி. அதன் பக்கத்தில் விரிந்த புல்வெளி. வானம்பாடி, நெட்டைக்காலி, ஆட்காட்டி எல்லாம் அங்கே உண்டு. குளிர்காலத்தில் நடு ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து இறங்கும். அங்கே சினிமா நகரம் கட்டும் பேச்சு பல காலமாக இருந்தது. பறவை ஆர்வலர்கள் இதைக் காப்பகமாக்கக் கேட்டபோது 2021 ஜனவரியில் மாநில வனவிலங்கு வாரியம் மறுத்துவிட்டது. சில வருடங்கள் கழித்து அதே வாரியம் ஒப்புக்கொண்டது. விடாமல் கேட்டவர்களுக்கு இந்த நகரம் கடமைப்பட்டிருக்கிறது.

ஞாயிறுகளில் நாங்கள் சிலர் அங்கே போவோம். ஒருமுறை ஊட்டிப் பெண் நடுப்புல்லில் சட்டென்று கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினாள். இரண்டடி தள்ளி வெறும் தரையில் ஆட்காட்டியின் முட்டைகள். கல்லும் முட்டையும் ஒரே நிறம். தாய் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. வந்த வழியே மெல்லத் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு ஜீப் புல்லின் மேலேயே வட்டம் அடித்துக்கொண்டிருந்தது, கூட வந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள்.

இங்கிலாந்தில் மூர் மேல் நடக்கும் உரிமைக்காக 1932-இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறிப் போராடியிருக்கிறார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். 2000-இல் வந்த சட்டம் பொதுமக்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அங்கே நாயைக் கூட்டிப்போனால் இரண்டு மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். தரையில் முட்டை கிடக்கும் மாதங்கள் அவை. ஹெசரகட்டாவிலும் இப்படி ஒரு விதி வேண்டும். முட்டைக் காலத்தில் வண்டி புல்லில் இறங்கக் கூடாது, நாயை அவிழ்த்துவிடக் கூடாது. எந்தப் பாதைகளில் வண்டி போகலாம் என்று காட்ட ஒரு வரைபடம் தேவைப்படும். அதை வரைந்து தர எங்கள் டீமில் ஆள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் வாங்காமல் செய்து தருகிறோம் என்று லீட் வனத்துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். கன்னடத்தில் எழுத ஓசூர்க்காரர் உதவுகிறார்.