பன்னிரண்டாவது டம்ளர்

அடுத்த மாத அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் கூட்டத்தில், ‘பொதுநிலையினரும் தலைமைப் பொறுப்பும்’ என்ற தலைப்பில் நான்தான் பேச வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நாற்காலி, ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பது, இந்த இரண்டும் இருக்கிறவன் பேசிவிடுவான் என்று நினைத்திருப்பார். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

வரி வசூலித்த மத்தேயுவை விட்டால், புனிதர்களில் என் ஜாதகத்துக்குக் கொஞ்சம் ஒத்துவருகிறவர் தேவசகாயம். குருவானவர் இல்லை, துறவி இல்லை, பொதுநிலையினர்தான். கலியாணம் ஆனவர், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். அவர் நடந்த இடங்களை ஒரு சுற்று சுற்றி வந்தால் பேசுவதற்கு நாலு குறிப்பாவது தேறும் என்று, ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை மனைவியும் நானும் நாகர்கோவிலில் இறங்கினோம். பையில் ஒரு புது நோட்டு.

முதலில் நட்டாலம். 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டனாக அவர் பிறந்த ஊர். ரப்பரும் வாழையும் மரச்சீனியும் நின்ற பச்சையில் பஸ் போய் நின்றது. கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பிறந்த தேதியை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டோம். பிறந்த இடத்தில் ஒருவரைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?

உதயகிரிக் கோட்டை வேறு. தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில், திருவனந்தபுரம் சாலையை ஒட்டியே இருக்கிறது. இப்போது வனத்துறை பராமரிப்பில் பூங்காவாக இருக்கிறது. சீட்டு வாங்கி உள்ளே போனால் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே இடிந்த சிற்றாலயம், அதற்குள் தெ லனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் அவர். பிடிபட்டவரே பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். இந்தக் கோட்டை வேலையில்தான் நீலகண்டனும் அவரும் பழகினார்கள்.

அந்தக் காலத்தில் நீலகண்டனின் வீட்டில் மாடுகள் சாகின்றன, பயிர் பாழாகிறது, சொத்து கரைகிறது. முகம் வாடிப்போய் வேலைக்கு வந்தவரிடம் என்ன ஏது என்று தெ லனாய் கேட்டாராம். கேட்டுவிட்டு யோபுவின் கதையைச் சொன்னாராம். எல்லாம் இழந்தும் கடவுளைத் தூஷிக்காத அந்த யோபுதான் நீலகண்டனுக்குள் முதலில் நுழைந்தவர் என்பார்கள்.

கல்லறைக்கு முன்னால் நின்றபோது இதுதான் மனதில் நின்றது. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதரின் விசுவாசம் பிரசங்க மேடையிலிருந்து தொடங்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு அதிகாரி, இன்னொருவனின் முகம் வாடியிருப்பதைக் கவனித்ததில் தொடங்கியது. எனக்குக் கீழே பத்துப் பேர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

கோட்டையிலிருந்து முட்டிடிச்சான் பாறை பக்கம்தான். பிற்பாடு தேவசகாயத்தைக் கைது செய்து, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, அடித்து, புண்ணில் மிளகாய்த்தூள் தடவி ஊர் ஊராய் இழுத்துப் போனபோது, தாகம் தாங்காமல் கைமுட்டால் இந்தப் பாறையில் அவர் இடித்தாராம்; தண்ணீர் ஊறிற்றாம். பாறைக் குழிக்குள் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது. மனைவி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். நான் நம்பினேனா என்று கேட்டால், குடித்தேன், அவ்வளவுதான்.

வெளியே ஒரு கடையில் டீ சொன்னோம். இரண்டு காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். இதைப் பார்த்ததும் எங்கள் அலுவலகத்து டீ நினைவுக்கு வந்தது. வந்த நினைவு போகவும் இல்லை.

எங்கள் பிரிவில் பதினொரு எவர்சில்வர் டம்ளர்கள். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் தூக்குவாளியில் டீ வரும், ஊற்றி மேஜை மேஜையாய் வைப்பார்கள். துப்புரவு வேலைக்கு ஒப்பந்தத்தில் வரும் அக்காவுக்கு மட்டும் காகிதக் கோப்பை. வாசல் பக்கம் நின்றே குடித்துவிட்டு, கோப்பையை அவரே கசக்கிக் கூடையில் போடுவார். இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் ஜாதிப் பேச்சை எடுத்ததில்லை. “அவங்களுக்குக் கழுவுற வேலை எதுக்கு, பாவம்” என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். ஏழு வருஷமாக அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான்.

ராத்திரி நாகர்கோவிலில் தங்கினோம். ஞாயிறு காலை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் பூசை. காட்டில் கிடந்த தேவசகாயத்தின் எலும்புகளைப் பொறுக்கி வந்து அடக்கம் செய்தது இந்தக் கோவிலில்தான். 2012 டிசம்பர் 2 அன்று இதே நாகர்கோவிலில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம்; 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். பட்டம் கொடுத்தபோது பெயருக்குப் பின்னால் இருந்த ‘பிள்ளை’யை எடுத்துவிட்டார்கள். இன்னும் சேர்த்தே சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லறையில் கை வைத்துவிட்டு நகர்ந்த வரிசை நீளம். எனக்குப் பின்னால் நின்றவர் முதுகில் இடித்துக்கொண்டே இருந்ததில் ஒரு அருள் நிறைந்த மரியேகூட முழுசாகச் சொல்ல முடியவில்லை.

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்று. மலைக்கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்காகத்தான் முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அங்குள்ள குன்றுக்குக் காற்றாடிமலை என்று பேர் வைத்தவர்களுக்கு அந்த இறக்கைகளைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். மேலே பாறைதான்.

1749-இல் கைதாகி மூன்று வருஷ வதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தை இங்கே சுட்டுக் கொன்றார்கள். ஏன் கொன்றார்கள் என்பதில் வரலாறு எழுதுகிறவர்களிடையே வழக்கு உண்டு. ராஜ துரோகம் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். திருச்சபை சொல்வது இது: ஞானஸ்நானம் பெற்றபின் அவர் எல்லாச் சாதியாரோடும் பழகினார், மனிதர் எல்லாரும் சமம் என்று பேசினார், அது மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அரண்மனையின் சாதாரண ஊழியர் ஒருவர் இப்படிப் பழகியிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்குமா? பதவியில் இருக்கிறவன் யாரோடு உட்காருகிறான் என்பதைப் பார்த்துத்தான் கீழே இருக்கிறவர்களும் உட்காருவார்கள். இதை நோட்டில் எழுத எடுத்தேன். காற்றில் தாள் நிற்கவில்லை.

அங்கே ஒரு பாறையைக் கல்லால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அவர் இறந்தபோது தானாக ஒலித்தது என்பது ஊர் நம்பிக்கை. தட்டலாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, நிழலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “சும்மா தட்டு மக்ளே, ஒண்ணும் உடைஞ்சிராது” என்றாள். தட்டினேன். வெண்கலச் சத்தம். பாட்டி செபத்தை விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாள்.

கடைசியாக வடக்கன்குளம். கணவாயைத் தாண்டி நெல்லைச் சீமை. தெ லனாய் கொடுத்த கடிதத்தோடு நீலகண்டன் இந்த ஊருக்கு வந்தார். 1745 மே 14 அன்று இயேசு சபை குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். ‘கடவுள் என் துணை’ என்று பொருள்படும் லாசர் என்ற பெயரின் தமிழ்தான் அது. அவர் மனைவி பார்கவியும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனாள். அவர் செத்த இடத்திலிருந்து ஞானஸ்நானம் பெற்ற இடத்துக்கு நாங்கள் பின்னோக்கி வந்திருந்தோம்.

இந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. திருநாள் மேடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். தேவசகாயம் இறந்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆனபிறகு, இங்கே ஒரு பெரிய கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரிப் பிரியும் இரண்டு கூடங்கள். ஒரு கூடத்தில் ஒரு சாதியார், மற்றதில் மற்றவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பக்கமும் நற்கருணை வாங்கலாம். 1910 வாக்கில் கோசானல் சாமியார் தடுப்பை இடித்தார். அதற்கு எதிராகக் கிறிஸ்தவர்களே வழக்குப் போட்டு, அது மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போய், கோவில் பக்கமே தீர்ப்பானது.

எல்லாச் சாதியாரோடும் பழகியதற்காகச் செத்தவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் சுவர் வைத்துக் கோவில் கட்டியிருக்கிறார்கள். கோபம் வந்தது. உள்ளே முழந்தாளில் இருந்தபோது அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அந்தச் சுவரையும் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு கட்டுகிறோம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சண்டை வராமல் இருக்கட்டும், அவரவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கழுவுகிற வேலை எதற்கு, பாவம் என்கிற மாதிரி.

“என்னங்க, குறிப்பு எடுக்கலையா?” என்றாள் மனைவி. நட்டாலத்தில் எழுதிய தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டீ வந்தது. “அக்காவுக்கும் டம்ளர்ல ஊத்துப்பா” என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“பதினொண்ணுதான் சார் இருக்கு.”

என் டம்ளரை நீட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மேஜைக்காரர் தனக்கு இன்றைக்கு டீ வேண்டாம், வயிற்றெரிச்சல் என்றார். அக்கா என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். “எனக்குக் கப்பே போதும் சார்” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. “இன்னிக்கு இதுல குடிங்க” என்று மட்டும் சொன்னேன். வாங்கிக்கொண்டு வழக்கம்போல வாசல் பக்கம் போய் நின்றே குடித்தார்.

சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு டம்ளர் வாங்கினேன். மற்றவை மாதிரியே இருக்க வேண்டும் என்று தேடியதில் மூன்று கடை ஏற வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, டம்ளர்கள் தட்டில் கவிழ்ந்திருந்தன. அக்கா குடித்த டம்ளரும் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன், பத்து. ஒன்று ஜன்னல் திண்டில் தனியாக, பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்துத் தட்டில் நடுவில் வைத்தேன். பையிலிருந்த புதியதையும் பக்கத்தில் கவிழ்த்தேன்.