பேனா நின்ற நேரம்

பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித்தரும் வேலை எனக்கு. சம்பளம் இல்லை, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர். சேர்ந்த அன்று, "எதற்காகச் சேவை செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார்கள் என நினைத்து, உருக்கமான பதில் ஒன்றைத் தயாரித்துப் போயிருந்தேன். ஒருங்கிணைப்பாளர் கேட்டது, "எந்தெந்தக் கிழமைகளில் உங்களால் வர முடியாது?" என்பதைத்தான். சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அந்தக் கேள்வியின் அருமை மறு ஆண்டு புரிந்தது. அலுவலகத்தில் அவசர வேலை என்று, ஒரு தேர்வு நாளின் காலையில், வர இயலாது எனக் குறுஞ்செய்தி அனுப்பினேன். எனக்கு அது ஒரு வரி. தேர்வெழுத வேண்டிய மாணவிக்கோ ஒரு பருவத்தின் படிப்பு. ஒருங்கிணைப்பாளரே ஓடிப்போய் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று மாதம் தேர்வுப் பணிக்கு அழைக்கவும் இல்லை. பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் வேலையை மட்டும் கொடுத்தார். நியாயம்தான்.

தொண்டுக்கு இரக்க குணம் வேண்டும் என்பார்கள். தேர்வு அறையில் அதுதான் பெரிய இடைஞ்சல். மாணவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். கேள்வியை எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிக்கலாம், விளக்கக் கூடாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவென்றால், நான்கையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். சரியான விடை வரும்போது குரல் தானாகக் கனிந்துவிடும், அதுவே துப்பு.

ஒருமுறை வரலாற்றுத் தேர்வு. மாணவர் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. கை மட்டும் ஒரு கணம் தயங்கியது.

"பேனா நின்றுவிட்டதே சார், தவறா?"

தாளில் பேனா உரசும் ஓசையை அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "நீங்கள் சொல்வதை எழுதுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். யோசித்து வேறோர் ஆண்டைச் சொன்னார். அதுவும் தவறு. இம்முறை கை நிற்காமல் எழுதினேன். அன்று வீடு திரும்பும்வரை மனம் ஆறவில்லை.

டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை முடிவு செய்தது. அந்த நாளையொட்டி எங்களிடம் நிறையப் பேர் வந்து சேர்வார்கள், படமும் எடுத்துக்கொள்வார்கள். தேர்வுக் காலத்தில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் அதிகம் பேசாதவர்கள். எந்த மாணவர் எதில் தடுமாறினார், எவ்வளவு எழுதினார் என்பதை வெளியே சொல்லாதவர்களும் அவர்களே.

புதியவர்களுக்குப் பயிற்சி தருவது இப்போது என் பொறுப்பு. கண்களை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே தவறான விடைகளைச் சொல்கிறேன். அவர்களுடைய பேனா எங்கே நிற்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.