ரப்பர் குழாய் பால்புட்டி

நூறு வருடத்துக்கு முந்தைய குழந்தை வளர்ப்பு அறிவுரைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலப் பால்புட்டி ஒன்றின் படத்திலேயே கண் நின்றுவிட்டது. தட்டையான கண்ணாடிப் புட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய், நுனியில் காம்பு. யாரும் பிடிக்க வேண்டாம், குழந்தை படுத்தபடியே உறிஞ்சிக்கொள்ளும். வேலைக்கு ஓடும் அம்மாவுக்கு எவ்வளவு வசதி! ஆனால் அந்தக் குழாய்க்குள் எதை விட்டுக் கழுவுவது? ஒட்டிய பால் உள்ளேயே புளித்து, கிருமி பெருகி, கோடை வந்தால் வயிற்றுப்போக்கு. எத்தனை பிள்ளைகள் போயினவோ. 1910-ல் பிரான்ஸ் இதற்குச் சட்டம் போட்டே தடை விதித்தது.

1908-ல் நியூயார்க்கில் டாக்டர் சாரா ஜோசஃபின் பேக்கர் செவிலியர்களை ஏழைகளின் குடியிருப்புகளுக்கே அனுப்பினார். தாய்ப்பால் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிப்பாட்டுங்கள், வெயிலில் துணியைச் சுற்றாதீர்கள். அவ்வளவுதான். அந்தக் கோடையில் அந்தப் பகுதியில் குழந்தைகளின் சாவு கணிசமாகக் குறைந்தது.

சரி, எல்லாமே இப்படி நல்ல புத்திமதியா என்றால், இல்லை. நியூசிலாந்து டாக்டர் ட்ரூபி கிங் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், ராத்திரியில் கிடையாது என்றார். 1914-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட கையேடோ பெற்றோர் குழந்தையோடு விளையாடவே கூடாது என்றது. விரல் சூப்பினால் சட்டைக் கையை விரல்மேல் இழுத்துத் தைத்துவிட வேண்டுமாம்! இதை எந்தப் பாட்டி கேட்டிருப்பாள்?