வியாழக்கிழமை வண்டி

அமெரிக்காவில் மெம்ஃபிஸில் விமானம் இறங்கி, ஹைவே 61 வழியாகத் தெற்கே வரும்போது எனக்கு மன்னார்குடிப் பக்கம் போகிற நினைப்புதான் வந்தது. மேடு பள்ளம் இல்லாத தரை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், நடுநடுவே தண்ணீர் கட்டிய நெல். "இதுவும் டெல்டாதான்" என்றார் என் வீட்டுக்காரர். மிசிசிப்பி டெல்டா. சரி, காவிரி டெல்டாவில் பிறந்தவளை இன்னொரு டெல்டாவுக்குத்தான் கூட்டி வந்திருக்கிறார், காய்கறிக்குக் குறைவிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் டாக்டர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அப்படித்தான் மிசிசிப்பி மாநிலத்தில் பொலிவர் கவுண்டிக்கு வந்தோம். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தபால் ஆபீஸ், ஏழெட்டு சர்ச், ஒரு டாலர் கடை. அவ்வளவுதான் ஊர்.

மறுநாள் வெங்காயம் வாங்க நடந்தே போனேன். டாலர் கடை என்றால் எல்லாம் ஒரு டாலர் என்று நினைக்காதீர்கள். டிடர்ஜென்ட், டயபர், நாய் சாப்பாடு, சிப்ஸ், ஒரு சுவர் முழுக்க சோடா. குளிர்பெட்டியில் பால், முட்டை, வெண்ணெய். வெங்காயம் இல்லை. உருளைக்கிழங்கு டப்பாவில் இருந்தது, கீரையும் டப்பாவில் இருந்தது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். யோசித்து, மசாலா வரிசைக்குக் கூட்டிப் போய் வெங்காயத் தூள் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே உதவி செய்தாள்.

அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒரே நல்ல பொருள், ஒரு பவுண்டு பையில் காராமணி. வெள்ளைப் பயறில் கறுப்புக் கண். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த பயறு, வெண்டைக்காயும் அப்படித்தான் வந்தது. இங்கே புத்தாண்டு அன்று காராமணி சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். போனில் அம்மாவிடம் சொன்னேன். "அப்புறம் என்னடி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைக்க வேண்டியதுதானே" என்றாள். கத்திரிக்காய்க்கு எங்கே போவேன்? டப்பா தக்காளியும் வெங்காயத் தூளும் போட்டு ஒன்று வைத்தேன். அவர் பேசாமல் சாப்பிட்டார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

காய்கறி வைத்திருக்கிற கடை கிளீவ்லாண்டில், 18 மைல் தள்ளி. பஸ் கிடையாது. அவர் காலை ஏழு மணிக்கு ஒரே காரை எடுத்துக்கொண்டு போனால் ராத்திரிதான் வருவார். எனக்கு லைசென்ஸ் வாங்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் எங்கள் ஊரில் பாதிப் பேர் எப்படி வாழ்கிறார்களோ அப்படித்தான் நானும் வாழ்ந்தேன். பெட்ரோல் பங்கில் பொரித்த கோழி, மக்காச்சோள மாவில் கறி வைத்துச் சுற்றிய ஹாட் டமாலே, மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய். ருசியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் தினமும் அதுவே என்றால்? அவரிடம் வருகிற நோயாளிகளுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏன் கட்டுக்குள் வருவதில்லை என்று அவர் புலம்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பங்க்தான் ஞாபகம் வரும். "பச்சைக் காய்கறி நிறைய சேர்த்துக்குங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். எங்கே வாங்குவார்களாம்?

இதற்கு இங்கே வழங்குகிற பெயர் உணவுப் பாலைவனம். அமெரிக்க வேளாண்மைத் துறை இதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. வருமானம் குறைந்த பகுதியாக இருக்க வேண்டும். அங்கே 500 பேராவது அல்லது மூன்றில் ஒரு பங்கு மக்களாவது பெரிய மளிகைக் கடையிலிருந்து நகரமென்றால் ஒரு மைலுக்கு மேல், கிராமமென்றால் 10 மைலுக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். கணக்கு சரிதான். பெயர்தான் எனக்கு உறுத்தும். ஆண்டுக்கு ஐம்பது அங்குலத்துக்கு மேல் மழை, ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். மண்ணை அள்ளிக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை பிடிக்கலாம். பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இங்கே திரிந்தது மருதம்.

விளைவதெல்லாம் சோயா, மக்காச்சோளம், பருத்தி, நெல். எல்லாம் லாரியேறி வெளியே போய்விடும். மஞ்சள் விமானம் தாழப் பறந்து மருந்தடிக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வீட்டுத் தோட்டத்துத் தக்காளி இலை சுருண்டுவிடும். 1944-இல் பக்கத்து கவுண்டியில் கிளார்க்ஸ்டேலுக்கு வெளியே ஹாப்சன் பண்ணையில் நடவிலிருந்து அறுவடை வரை ஒரு பருத்தி விளைச்சலை முழுக்க இயந்திரத்தாலேயே எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வயலுக்கு ஆள் தேவைப்படவில்லை. ஆள் போன ஊரில் கடைக்கு வேலை ஏது? எங்கள் தெருமுனையில் கூரை சரிந்த ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது, ஒரு காலத்தில் சீனக் குடும்பம் ஒன்று நடத்திய மளிகைக் கடை. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் சீனர்கள்தான் மளிகை வைத்திருந்தார்கள். ரோஸ்டேலில் அப்படிக் கடை வைத்திருந்த கோங் லும் தன் மகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1927-இல் தோற்றார். நமக்கு முன்னால் இங்கே வந்த ஆசியர்கள் பட்ட பாடு அது.

இந்தக் கதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. எழுபத்து மூன்று வயது. ஊரே அவரைப் பெயருக்கு முன்னால் "மிஸ்" போட்டுத்தான் கூப்பிடும். என்னை "பேபி" என்பார். அடுத்த ஊரான மௌண்ட் பாயூவில் வளர்ந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887-இல் தாங்களே காடு வெட்டி உண்டாக்கிய ஊர் அது. அங்கே 1967-இல் ஏழைகளுக்காக ஒரு சுகாதார நிலையம் திறந்தார்கள். ஜாக் கைகர் என்ற டாக்டர், சத்தில்லாமல் வந்த பிள்ளைகளுக்குச் சீட்டில் மருந்துக்குப் பதில் பாலும் முட்டையும் கறியும் காய்கறியும் எழுதினார். சீட்டைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுத்தால் சாமான் வரும், பில் அந்த நிலையத்தின் மருந்துக் கணக்குக்குப் போகும். மருந்துக்குக் கொடுத்த பணத்தில் சாப்பாடா என்று மேலிடத்தில் கேட்டார்கள். சத்துக்குறைவுக்கு மருந்து சாப்பாடு என்றுதான் என் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று பதில் சொன்னார் அவர். பிறகு ஊர்க்காரர்களே கூட்டுறவுப் பண்ணை வைத்துக் காய்கறி பயிரிட்டார்கள். பக்கத்து சன்ஃபிளவர் கவுண்டியில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர் 1969-இல் தொடங்கிய பண்ணையில் பன்றி வங்கி இருந்தது. சினைப் பன்றி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள், ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திருப்பித் தர வேண்டும். நம்மூரில் ஆட்டை வாரத்துக்கு விடுவார்களே, ஏறக்குறைய அதுதான். சொன்னதும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

லைசென்ஸ் வந்ததும், ஒரு பழைய கார் வந்ததும், நான் முதலில் ஓடியது மெம்ஃபிஸுக்கு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இந்தியக் கடையில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இதயம் நல்லெண்ணெய் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடைத்துக்கொண்டு ராஜாத்தி மாதிரி வந்து இறங்கினேன். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. "கீரைக்கா பேபி மெம்ஃபிஸ் வரை போன?" என்றார். குத்தலாகச் சொன்னாரோ இல்லையோ, எனக்குச் சுருக்கென்றது. கிளீவ்லாண்டுக்குக் கூட்டிப் போய் வர தனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு அவர் 20 டாலர் கொடுக்கிறார் என்று அப்போதுதான் தெரியும். மாதம் ஒரு தடவைதான் போவார். முதல் வாரம் முட்டைக்கோஸ், இரண்டாம் வாரம் கேரட், அதற்குப் பிறகு டப்பா.

அப்படி ஆரம்பித்ததுதான் வியாழக்கிழமை வண்டி, வாராவாரம் என் காரில் கிளீவ்லாண்ட் கடைக்கு. அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வருவார்கள். அவரிடம் ஸ்நாப் கார்டு உண்டு, அரசாங்கம் மாதாமாதம் சாப்பாட்டுப் பணம் ஏற்றுகிற கார்டு. நம்மூரில் கார்டுக்கு அரிசி, கடை தெருமுனையில். இங்கே கார்டில் பணம், கடை 18 மைலில். அந்தக் கார்டில் சூடான பொரித்த கோழி வாங்க முடியாது, அதுவே ஆறி ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டால் வாங்கலாம். இந்தச் சட்டத்தை எனக்கு விளக்கும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மிசிசிப்பியில் அரிசி பாலுக்கும் விற்பனை வரி உண்டு. 7 சதவீதமாக இருந்தது, 2025 ஜூலையில்தான் 5 ஆனது. கார்டில் வாங்கினால் வரி இல்லை. இருவர் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "டாக்டர் பொண்டாட்டிதான் அதிகம் கட்டறா" என்று பின்சீட்டிலிருந்து ஒரே கும்மாளம்.

காரில் பேச்செல்லாம் சமையல்தான். அவர் கொலார்ட் கீரையைப் புகையிட்ட வான்கோழிக் கழுத்து போட்டு இரண்டு மணி நேரம் வேகவைப்பார். நான் தேங்காயும் மிளகாயும் கிள்ளிப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கினேன். "பச்சையா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். ஜூலையில் அவர் தோட்டத்து ஊதாத்தோல் பயறு காய்க்கும். வாசல் ஊஞ்சலில் உட்கார்ந்து சேர்ந்து உரிப்போம், கட்டைவிரல் நகம் இரண்டு நாளைக்கு ஊதாவாக இருக்கும்.

வருகிற ஜூனில் எங்கள் மூன்று வருடம் முடிகிறது. டல்லாஸில் என் வீட்டுக்காரருக்கு வேலை பேசியாகிவிட்டது, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் மூன்று இந்தியக் கடை. போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது தயங்கித் தயங்கி அந்த அம்மாவிடம் சொன்னேன். வயலைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் வந்தார்.

"உன் போன்ல ஒண்ணு பாத்துச் சொல்லு பேபி. டீப் ஃப்ரீஸர், பெரிசா, படுக்க வச்ச மாதிரி இருக்குமே, அது என்ன விலை வரும்?"