மோட்டர் ஆய்வுக்கு வைவா இருக்கிறவர்களுக்கு: நேம் பிளேட்டில் இருந்து தொடங்குங்கள்

போன கிழமை என் வைவாவின் (ஆய்வைப் பற்றிய வாய்மொழிப் பரீட்சை) பெறுபேறு வந்துவிட்டது. சிறு திருத்தங்களுடன் பாஸ். சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை, சில ஆட்கள் மேல் இருக்கிற எரிச்சலும் அடங்கவில்லை, ஆகவே இரண்டும் கலந்துதான் வரும். மின் இயந்திரங்களில் முதுமாணி ஆய்வு செய்கிறவர்களுக்கு, முக்கியமாக கொழும்பில் பகலில் வேலை, வார இறுதியில் கம்பஸ் என்று ஓடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எத்தனை ஸ்லைட், எவ்வளவு நேரம், யார் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

என் தலைப்பு ஒன்றும் புதிதில்லை. தூண்டல் மோட்டரின் ரோட்டரில் (சுழலும் பகுதி) இருக்கும் பார், அதாவது கரண்ட் ஓடும் கம்பி, உடைந்திருப்பதை, மோட்டரைக் கழற்றாமல் ஸ்டேட்டர் (அசையாத வெளிப்பகுதி) கரண்டை அளந்தே கண்டுபிடிப்பது. உலகம் பூராவும் பல பத்தாண்டுகளாகச் செய்கிற வேலை. அதனால் பரீட்சகர்களுக்கு அதில் தெரியாதது எதுவும் இல்லை, அதுதான் ஆபத்தே.

நான் சொல்ல வந்தது உண்மையில் ஒன்றுதான். நீங்கள் அளந்த மோட்டரின் நேம் பிளேட்டை (அதன் அளவுகள் பொறித்த தகடு) படமெடுத்து வைத்து, அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணிலிருந்தும் என்னென்ன கறக்க முடியுமோ அத்தனையையும் பேனாவும் தாளுமாக இருந்து கணக்குப் போட்டுப் பழகுங்கள். என் வைவாவில் முன்னுரை ஸ்லைடுகள் முடியும் முன்னரே ஒருவர் கையை உயர்த்தி, "உம்முடைய மோட்டரின் நேம் பிளேட்டைக் காட்டும்" என்றார். மிச்ச நேரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு படத்திலேயே போனது. மட்லாப் வரைபடங்களை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னுடையது 2.2 கிலோவாட், 400 வோல்ட், 4.8 அம்பியர், 50 ஹேர்ட்ஸ், பவர் ஃபாக்டர் 0.80, வேகம் நிமிடத்துக்கு 1430 சுற்று (ஆர்பிஎம்). நாலு போல் (காந்த முனை) என்று எங்கும் எழுதியிருக்காது, நீங்களாகச் சொல்ல வேண்டும்: 1430க்கு மேலே கிட்டிய ஒத்தியங்கு வேகம் (ஸ்டேட்டரின் காந்தப் புலம் சுற்றும் வேகம்) 1500, ஆகவே நாலு போல். ஸ்லிப், அதாவது அந்த வேகத்திலிருந்து ரோட்டர் பின்தங்கும் அளவு, 4.67 வீதம். உள்ளே போகும் திறன் √3 × 400 × 4.8 × 0.80, கிட்டத்தட்ட 2660 வாட், ஆகவே வினைத்திறன் 83 வீதத்துக்குக் கொஞ்சம் கீழே. முறுக்குவிசை 14.7 நியூட்டன் மீற்றர். ரோட்டருக்குள் ஓடும் கரண்டின் அதிர்வெண் (ஸ்லிப் அதிர்வெண்) 2.33 ஹேர்ட்ஸ். பார் உடைந்தால் 50க்கு இரு பக்கமும் இரண்டு மடங்கு ஸ்லிப் அதிர்வெண் தள்ளி ஸ்டேட்டர் கரண்டில் பக்கப் பட்டைகள் (சிறிய துணை அதிர்வெண்கள்) வரும், அதாவது 45.33இலும் 54.67இலும்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த கேள்வி, "இந்த 1430 ஐ எவ்வளவு நம்புகிறீர்?" இதற்குத்தான் நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். ஐஇசி 60034-1 என்ற சர்வதேச மின் இயந்திரத் தரநிலையின்படி ஒரு கிலோவாட்டுக்கு மேற்பட்ட தூண்டல் மோட்டருக்கு முழுச்சுமை ஸ்லிப்பில் 20 வீதம் கூடக்குறைய இருக்கலாம். 70 ஆர்பிஎம் ஸ்லிப்பில் அது 14. ஆகவே உண்மையான வேகம் 1416க்கும் 1444க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், பக்கப் பட்டையும் 50இலிருந்து 3.7 முதல் 5.6 ஹேர்ட்ஸ் வரை எங்கேயும் விழலாம். பிளேட்டைப் பார்த்து 45.33இல் தேடினால் வேறு எதையாவது பிடித்துக்கொண்டு உடைந்த பார் என்று சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். டேக்கோமீற்றர் (சுழல் வேகமானி) வைத்து ஒவ்வொரு சுமையிலும் வேகத்தை அளந்திருக்கிறேன் என்று அட்டவணையைக் காட்டினேன். அதற்குப் பிறகு அறையின் காற்றே கொஞ்சம் இளகியது.

(நான் மெதுவாக யோசிக்கிற ஆள். கைக்கணக்கு எனக்கு ஒத்துவரும். மடமடவென்று கதைத்தே ஆளைக் கவரக்கூடியவர்களுக்கு இந்த வழி சலிப்பாக இருக்கலாம், அவர்களுக்கு வேறு யாராவது எழுதட்டும்.)

எனக்கு வந்த வேறு கேள்விகள், நினைவில் நிற்கிற ஒழுங்கில்:

- பக்கப் பட்டை ஏன் இரண்டு? கீழ்ப்பட்டை உடைந்த பாரால் ரோட்டரில் உருவாகும் எதிர்த்திசைப் புலத்தால் வருவது. அதனால் முறுக்குவிசை அதிரும், வேகம் அதிரும், அந்த வேக அதிர்வுதான் மேல்பட்டையைத் தருகிறது. ஆகவே சுமையின் சடத்துவம் பெரிதானால் மேல்பட்டை சிறுக்கும்.
- பிளேட்டில் 230/400 டெல்டா/ஸ்டார் என்று இருக்கிறதே, இதற்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டாரில் தொடக்கிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது) போடலாமா? நம் நாட்டு 400 வோல்ட் லைனில் கூடாது. டெல்டாவுக்கு மாறியதும் 230 தாங்கும் சுருளுக்கு 400 விழும்.
- உடைந்த பார் இல்லாமலே அதே இடத்தில் பட்டை வருமா? வரும். பிஸ்டன் கொம்பிரசர் மாதிரிச் சுமை அதிரும் இடங்களில் ஏமாற்றும்.
- சுமை இல்லாமல் ஓடும்போது உம்முடைய முறை வேலை செய்யுமா?

கடைசிக் கேள்விதான் ஆளை விழுத்துவது. சுமை இல்லாமல் மோட்டர் 1495இல் ஓடுகிறது என்று வையுங்கள், பக்கப் பட்டை 50இலிருந்து 0.33 ஹேர்ட்ஸ் தள்ளித்தான் நிற்கும். எஃப்எஃப்டியில் (பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று செக்கன் பதிவு கணக்குக்குத்தான் போதும். ஹான் விண்டோ (பதிவின் இரு ஓரங்களையும் மெல்லக் குறைக்கும் பெருக்கி) போட்டால் 50இன் உச்சி அகன்று பக்கத்தை விழுங்கிவிடும், அப்போது பத்து செக்கனுக்கு மேல் வேண்டும். சரி, ஒரு நிமிடம் பதிவு செய்யலாமே என்றால் லைன் அதிர்வெண் அந்த நேரத்துக்குள் 50ஐச் சுற்றி அசைந்து எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும். போதாததற்கு சுமை இல்லாதபோது ரோட்டர் கரண்டே சொற்பம், உடைந்த பாருக்கும் நல்ல பாருக்கும் வித்தியாசம் காட்ட அங்கே ஒன்றும் ஓடவில்லை. "முடியாது, பாதிச் சுமைக்குக் கீழே என் முடிவை நம்ப வேண்டாம் என்று ஆய்விலேயே எழுதியிருக்கிறேன்" என்றேன். உங்கள் முறை எங்கே தோற்கும் என்று ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் கதை வேறு.

இனி எரிச்சல். முதலில் ஒரு தொழிற்சாலையில் ஓடுகிற பம்ப் மோட்டர்களில் கிளாம்ப் (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கருவி) போட்டு அளக்க வாயால் அனுமதி தந்தார்கள். ஆள் மாறியது, புதியவர் மாட்டேன் என்றுவிட்டார். காரணமும் இல்லை, கடிதமும் இல்லை. பெயர் வேண்டாம். நீங்கள் வெளியிடத்துத் தரவை நம்பித் தலைப்பு எடுக்கிறீர்கள் என்றால் எந்த மோட்டர், எந்த மாதம், யார் பொறுப்பு என்று கடிதத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் என்னைப் போலப் பழைய மோட்டர் வாங்கி நீங்களே உடையுங்கள். மனதுக்கும் நல்லது.

உடைக்கக் கொண்டுபோனது கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு வைண்டிங் கடைக்கு. கடைக்கார ஐயா ரோட்டரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எரிஞ்ச மோட்டரைத்தான் சனம் இங்க கொண்டு வரும். நல்லா ஓடுற மோட்டரைப் பழுதாக்கித் தாங்கோ எண்டு வந்த முதல் ஆள் நீர்தான்" என்றார். ஓரவளையத்தை (பார்களின் முனைகளை இணைக்கும் வளையம்) ஒட்டிப் பாரின் முனையில் ட்ரில் இறங்கியது, அலுமினியம் வெள்ளைச் சுருளாக வந்து கொட்டியது. அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன், அவர் விடவில்லை. ரோட்டரைக் குரோலர் (மாறும் காந்தப் புலத்தால் ரோட்டரைச் சோதிக்கும் கருவி) மேல் வைத்து, ஒரு வாள் அலகை மேலே பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். ஒவ்வொரு பாருக்கும் அலகு டர்ரென்று அதிர்ந்தது, ஓட்டை போட்ட பார் வந்ததும் சத்தம் நின்றது. "இப்பதான் அறுந்திருக்கு" என்றார். அதை ஃபோனில் படம்பிடித்து வைத்தேன். வைவாவில், "பார் முழுதாக அறுந்ததென்று எப்படித் தெரியும்? ஓட்டைக்கு அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாமே?" என்று வந்தது. கடையில் எடுத்த அந்தப் படம்தான் பதில். இதற்கு எந்தப் பேப்பரையும் மேற்கோள் காட்டியிருக்க முடியாது. திரும்பப் பூட்டி ஓட்டினால் மோட்டர் முன்புபோலவே ஓடியது, காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இந்தப் பிரச்சினை ஏன் ஆய்வுக்குரியது என்பதை அந்த ஒரு வாக்கியத்திலேயே சொல்லலாம்.

இலக்கிய மீளாய்வு பற்றிச் சுருக்கமாக. 1831இல் பரடேயிலிருந்து தொடங்க வேண்டாம், எல்லோருடைய முதல் அத்தியாயமும் அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் பயன்படுத்தும் சமன்பாடு எங்கே பிறந்ததோ அங்கே தொடங்குங்கள். டிகியூ மாதிரியை (மூன்று கட்டத்தை இரண்டு அச்சுகளாக மாற்றும் கணித மாதிரி) எடுத்தால் 1929இல் பார்க் எழுதியது ஒத்தியங்கு இயந்திரத்துக்கு, உங்களுடையது தூண்டல் மோட்டர் என்றால் அது எப்படி இங்கே வந்தது என்று இரண்டு வரி தெரிந்திருக்க வேண்டும்.

தலைப்புக்கு வெளியே ஒன்று நிச்சயம் கேட்பார்கள். எனக்கு வந்தது 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஏற்பட்ட மின்தடை. அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்ட பாணந்துறை உபநிலையத்துக் குரங்கைப் பற்றிச் சிரிக்கத்தான் எல்லோருக்கும் வரும், கேள்வி குரங்கைப் பற்றியது இல்லை. ஞாயிறு பகல், தேவை குறைவு, கூரைச் சூரிய மின் நிறைய, சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் கொஞ்சம். ஒரு இயந்திரத்தின் சடத்துவ மாறிலி 4 செக்கன் என்றால், அதன் சுழற்சியில் சேமித்திருக்கும் சக்தி முழுத் திறனை 4 செக்கனுக்கு மட்டும் கொடுக்கப் போதும். சூரியப் பலகைக்கு அந்தச் சுழற்சி இல்லை, அதனால் அதிர்வெண் சறுக்கும் வேகம் கூடும். இதுவரை சொன்னால் போதும் என்று நினைத்தேன், கேட்ட பரீட்சகர் விடவில்லை. "உம்முடைய தூண்டல் மோட்டர்கள் அந்த நேரம் என்ன செய்யும்?" அவையும் சுழல்கின்றன, அதிர்வெண் விழும்போது தங்கள் சக்தியில் கொஞ்சத்தை விடும், வேகம் குறைவதால் எடுக்கும் திறனும் குறையும், சிறிய உதவிதான் என்றேன். தலையாட்டினார்.

திருத்தங்கள் அச்சுகளுக்கு அலகு போடுவது, டெசிபெல் எதனோடு ஒப்பிட்டது என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதுவது, அப்புறம் வேக அட்டவணையைப் பின்னிணைப்பிலிருந்து நாலாம் அத்தியாயத்துக்குள் கொண்டுவருவது. பக்க எண்ணோடு ஒரு திருத்த அட்டவணை செய்து மேற்பார்வையாளருக்கு முதலில் அனுப்புங்கள், பைண்டிங்குக்குக் கொடுப்பது அவர் பார்த்த பிறகு.