இரண்டு மணிக்கு வைத்த பட்டியல் நான்கு மணிக்கு வந்த கதை

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை நடத்துகிறேன். வெளியூர் வியாபாரிகள் இரவில் சொல்லும் ஆர்டர்களை என் தம்பி வீட்டுக் கணினியில் தொகுத்து, இருவரும் பகிர்ந்துகொள்ளும் கோப்புறையில் இரண்டு மணிக்குள் போட்டுவிடுவான். அறிவிப்பு ஒலித்ததும் எழுந்து, பறிப்புக்குக் கிளம்பும் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகளிடம் மல்லிகை எத்தனை கிலோ வேண்டுமென்று சொல்லியாக வேண்டும். புதுக் கைப்பேசிக்கு மாறிய பிறகு ஒலியே வரவில்லை. நான்கு மணிக்கு நானாக எழுந்து திரையைத் தொட்டால், அந்த நொடியில் பட்டியல் வந்து நிற்கும்.

சிக்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சார்ஜரில் போட்டபடியே தூங்கிப்போனேன். அன்று பட்டியல் சரியான நேரத்துக்கு வந்தது. அதுதான் துப்பு. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைப்பேசியை ஆண்ட்ராய்டு ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே 'டோஸ்' என்ற இந்த ஏற்பாடு உண்டு. உறக்கத்தில் செயலிகளுக்கு இணையம் கிடையாது. இடையிடையே சிறிது நேரம் கதவு திறக்கும், நேரம் போகப்போக அந்த இடைவெளியும் நீளும்.

அந்தக் கோப்புறைச் செயலியின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடற்றது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பயனில்லை. இந்தக் கைப்பேசியைத் தயாரித்தவர்கள் 'தானாகத் தொடங்குதல்' என்றொரு தனிப் பூட்டையும் வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பதிமூன்றாம் பதிப்பிலிருந்து அறிவிப்புக்கும் செயலி தனியே அனுமதி கேட்கிறது; அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியது என் தவறுதான்.

இவ்வளவு செய்தும் கால்மணி நேரம் வரை தாமதம் இருந்தது. அந்தச் செயலி குறித்த இடைவெளியில் போய்ப் புதுக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வகை; அப்படித் திரும்பத் திரும்ப நடக்கும் பின்னணி வேலைக்கு ஆண்ட்ராய்டு வழக்கமாகத் தரும் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம். அரட்டைச் செயலியின் செய்தியோ உயர் முன்னுரிமையோடு கூகுள் சேவையகம் வழியாக வந்து, உறங்கும் கைப்பேசியையும் எழுப்பிவிடுகிறது.

ஆகவே இப்போது கோப்பை வைத்ததும் தம்பி "போட்டாச்சுண்ணே" என்று அரட்டையில் ஒரு வரி அனுப்புகிறான். அந்த ஒலிக்கு எழுந்து செயலியைத் திறந்தால், பட்டியல் இறங்கிவிடுகிறது.