குன்னூரில் காற்றுக் கணக்கு

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் பீரோவுக்குள் பெல்ட்டும் செருப்பும் பூஞ்சணம் பூத்து நிற்கும். ஜன்னலைத் திறந்தால் மேகம் நேராக ஹாலுக்குள் வரும், மூடினால் சுவர் வியர்க்கும். ஜெர்மனியில் இருக்கும் மச்சான் இதைப் பார்த்துப் பொறுக்காமல் வீட்டுச் சூடு வீணாகாமல் காற்றை மாற்றும் எச்.ஆர்.வி. பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

சங்கதி எளிதுதான். ஒரு ஃபேன் சமையலறை, குளியலறை ஈரக்காற்றை வெளியே தள்ளும். இன்னொன்று வெளிக்காற்றைப் படுக்கையறைகளுக்கும் ஹாலுக்கும் கொண்டு வரும். இரண்டும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாகக் கலக்காமல் போகும்போது, போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றிடம் கொடுத்துவிடும். உள்ளே 18 டிகிரி, வெளியே 8 என்றால் கிட்டத்தட்ட 16 டிகிரியில் காற்று வரும். ஆனால் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மணிக்கு 150 கன மீட்டர் வரவு, 150 செலவு. செலவு கூடினால் வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்துவிட்டோம். மிச்சம் இருந்த ஒரே ஓட்டை கணப்பின் புகைபோக்கி.

"கணப்பு உள்ள வீட்டுக்கு இது சரிப்படாது சார், அதை மூடிடுங்க" என்று பொருத்த வந்தவர் சொல்லத்தான் சொன்னார். தாத்தா காலத்துக் கணப்பு, எனக்கு மனசு வரவில்லை.

முதல் வாரமே ராத்திரி எட்டு மணியானால் ஹாலெல்லாம் புகை. விறகு ஈரம் என்றாள் மனைவி. புகைபோக்கியில் குருவி கூடு கட்டியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பொருத்தியவர் மறுபடி மலையேறி வந்து, குட்டி விசிறி வைத்த மீட்டரால், அறைகளில் காற்று வரும் வாயான வால்வுகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஹால் 60, மூன்று படுக்கையறைக்கும் 30, 30, 30. தராசு முள் மாதிரி நிற்கிறது. மீட்டரை என்னிடமே கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அன்று ராத்திரியும் புகை. ஹால் வால்வில் நானே மீட்டரை வைத்தேன். 70! அதிகமாக அல்லவா வருகிறது என்று வால்வைத் திருகிக் குறைத்தேன். புகை இன்னும் கூடியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். எங்கள் அறையிலும் கூடுதல், பையன் அறையிலும் கூடுதல். கடைசியில் அப்பாவின் அறை. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கட்டில் தலைமாட்டுச் சுவரில், வட்ட வால்வுக்கு மங்கி குல்லா போட்டிருந்தது. தைத்து வைத்த மாதிரி அளவு.

பகலில் அப்பா தலையில், ராத்திரி வால்வின் தலையில். அதனால்தான் பகலில் அளந்தால் கணக்கு சரியாக வந்திருக்கிறது. ஒரு வாயை அடைத்ததும் மற்ற வாய்களில் வேகம் கூடியிருக்கிறது, மொத்த வரவு மட்டும் குறைந்திருக்கிறது. அது தெரியாமல் கூடிய வாயையும் திருகி மூடிய மேதாவி நான்.

"தலைக்கு நேரா காத்து வருதுடா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

"16 டிகிரி காத்துப்பா, சூடேத்தின காத்து."

"16 டிகிரிய நீ தலையில வாங்கிப் பாரு."

நியாயம்தான். மறுநாள் வால்வின் கீழ்ப்பாதியை மறைத்து, காற்று கூரைப் பக்கம் போகிற மாதிரி திருப்பி, மறுபடி 30 வரும்வரை திருகினேன். ராத்திரி புகை இல்லை. ஆனால் அப்பா முகத்தில் திருப்தி இல்லை.

"காத்துக்காக மட்டுமாடா மாட்டினேன்? காலையில எடுத்தா மொறமொறன்னு காய்ஞ்சிருக்கும். இந்த ஊர்ல வேற எங்க துணி காயுது?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி கேட்டுவிட்டாள்.

மறுநாள் மாலை ஹால் வால்வில் பையனின் பள்ளிக்கூட சாக்ஸ் இரண்டு தொங்கின.